சிறு மின்னிசை அமைப்புக்கு ஏற்ற மிக்சர்

மிக்சர் என்றதும் நம்மவர் நினைவுக்கு முதலில் வருவது தீபாவளிப் பலகாரமே. அப்பலகாரத்தின் இலக்கணமும், இப்பேச்சில் நாம் ஆராயப் புகும் கருவியின் இலக்கணமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஓமப்பொடி, காராபூந்தி, அவல், வேர்க்கடலை ஆகிய ஒவ்வொன்றும் தன் சுவையை இழக்காமலும், மற்றொன்றின் சுவையை மறைக்காமலும் அளவோடு சேர்வது அங்கே சிறப்பு. கீபோர்டு, தாள இயந்திரம், சின்தசைசர், பாடுவோரின் குரல் ஆகிய ஒவ்வொன்றும் தன் தன்மை குன்றாமல் ஒரே ஒலிபெருக்கியின் வழியே வெளிவருவது இங்கே சிறப்பு. இந்தக் கலவையைச் செய்து தரும் சிறு பெட்டியைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

தமிழகத்துக்கு வெளியே வாழும் நம் குடும்பங்களுக்கு இது வீண் ஆராய்ச்சி அன்று. டில்லியிலும், மும்பையிலும், புனேயிலும், பெங்களூரிலும் இரண்டு அறை வீடுகளில் வாழ்வோர் பலர். அவ்வீடுகளில் கீபோர்டு பயிலும் சிறுமி இருப்பாள். எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு பாடும் தாயார் இருப்பார். தாள இயந்திரமும் சின்தசைசரும் வாங்கித் தாமே மெட்டமைக்கும் கல்லூரி மாணவரும் இருப்பார். கருவிகள் இரண்டு மூன்று சேர்ந்ததும், இவற்றை ஒன்றாகக் கேட்பது எவ்வாறு என்ற கேள்வி எழுகிறது. அப்போது அவசரத்தில் வாங்கிய மிக்சர் தேவைக்குப் பொருந்தாமற் போனால், நட்டம் பணத்தோடு நிற்பதில்லை. பயிற்சியில் உள்ள ஊக்கமும் குன்றிவிடுகிறது. பரணில் ஏறிய கருவி மீண்டும் இறங்கி வருவது அரிது.

மின்சாரத்தால் இசையைப் பிறப்பிக்கும் கலை நம் நாட்டுக்குப் புதியதன்று. அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-ஆம் ஆண்டிலேயே, அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடரின் துணையுடன், மூக் சின்தசைசரை நடுநாயகமாகக் கொண்ட மின்னிசைக் கூடம் ஒன்று அமைந்தது. 1972 வரை அங்கே பதிவான ஒலிநாடாக்கள் பல ஆண்டுகள் அந்நிறுவனத்தின் காப்பகத்தில் உறங்கிக் கிடந்து, அவற்றிலிருந்து தெரிந்தெடுத்த பகுதிகள் 2023-இல் ஓர் இசைத்தொகுப்பாக வெளிவந்தன. மும்பைத் திரைப்பட இசைக்குழுக்களில் வாசித்து வந்த சரண்ஜித் சிங், 1982-இல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். ரோலண்டு நிறுவனத்தின் ஜூபிட்டர்-8, டிபி-303, டிஆர்-808 என்னும் மூன்று கருவிகளே அதற்கு ஆதாரம். அன்று அதைப் பொருட்படுத்தியோர் சிலரே. 2010-இல் மறுபதிப்பு வெளியான பிறகு அது உலகெங்கும் பெயர் பெற்றது. அகமதாபாத்தில் இருந்தது ஒரு நிறுவனத்தின் கூடம். மும்பையில் இருந்தது ஒரு தனி மனிதரின் மூன்று கருவிகள். நேயர்களின் நிலை பின்னதையே ஒத்தது. ஆகவே, அந்த மூன்று கருவிகளையே நம் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம்.

மிக்சர் வாங்கப் புறப்படுமுன் செய்ய வேண்டிய முதல் வேலை, நம்மிடம் உள்ள கருவிகளின் பின்புறத்தைப் பார்ப்பது. எந்தக் கருவியிலிருந்து எத்தனை கம்பிகள் வெளிவரும் என்று எண்ண வேண்டும். டிபி-303 என்பது தனியொரு கீழ்ச்சுர ஒலியைத் தரும் சிறு பெட்டி. அதற்கு ஒரு கம்பி போதும். ஜூபிட்டர்-8-இன் கட்டைகளை மேற்பாதி, கீழ்ப்பாதி எனப் பிரித்து இரு வேறு ஒலிகளை வாசிக்கலாம். இரண்டையும் சேர்த்து ஒரே கம்பியில் எடுக்கலாம், தனித்தனியே இரு கம்பிகளிலும் எடுக்கலாம். டிஆர்-808 தாள இயந்திரமோ, எல்லாத் தாளவொலிகளையும் ஒன்றாகத் தரும் துளையோடு, ஒவ்வோர் ஒலிக்கும் தனித் துளையும் உடையது. ஆக, இதே மூன்று கருவிகளுக்கு மூன்று கம்பிகளும் போதும். ஒவ்வொன்றையும் பிரித்தெடுத்தால் கணக்கு பத்தையும் தாண்டிவிடும். கருவிகள் மாறவில்லை, வாசிப்பவரின் நோக்கமே மாறிற்று. மாலையில் அரைமணி நேரம் வாசித்து மகிழ்வோருக்கு மூன்று கம்பிகள் தாராளம். முரசொலிக்கு மட்டும் ஒரு தன்மையும், கைத்தட்டலொலிக்கு மட்டும் எதிரொலியும் கொடுக்க விரும்புவோருக்கு மூன்று போதா. எனவே, மிக்சரின் அளவைத் தீர்மானிப்பது கருவிகளும் அவற்றை நாம் கையாளும் முறையுமே ஆகும். கடையில் கண்ணைப் பறிக்கும் குமிழ்களின் வரிசை அன்று.

இரண்டாவதாக, பெட்டியின் மேல் அச்சிட்டுள்ள எண்ணைப் பற்றி எச்சரிக்கை வேண்டும். "10 சானல்" என்று எழுதியிருப்பதைக் கண்டு, பத்துக் கருவிகளை இணைத்துப் பத்துக்கும் தனித்தனியே ஒலியளவு வைக்கலாம் என்று எண்ணிவிடக் கூடாது. இத்தகைய சிறு மிக்சர்களில் பெரும்பாலும் நான்கு தனிச் சானல்களும் மூன்று ஸ்டீரியோ சானல்களும் இருக்கும். ஸ்டீரியோ சானல் ஒன்றில் இடம், வலம் என இரு துளைகள் உண்டு. ஆனால் இரண்டுக்கும் ஒலியளவுக் குமிழ் ஒன்றே. நான்கும், மூன்றின் இரட்டிப்பான ஆறும் சேர்ந்து பத்து ஆகின்றன. கையால் தனித்தனியே ஆளக்கூடிய வழிகளோ ஏழுதான். துளைகளை எண்ணாமல் ஒலியளவுக் குமிழ்களை எண்ணுவதே சரியான கணக்கு.

மேலும், அந்த நான்கு தனிச் சானல்களும் மைக்குக்கென்று அமைந்தவை. மைக்கின் மெல்லிய ஒலியை உயர்த்தும் மின்னமைப்பு அவற்றில் இருக்கிறது. அதற்காக விலையும் கூடுகிறது. சின்தசைசருக்கும் தாள இயந்திரத்துக்கும் அது வேண்டுவதில்லை. பாடுவோர் ஒருவரே ஆனால், ஒரு மைக் சானலும் பல ஸ்டீரியோ சானல்களும் உள்ள பெட்டியே மின்னிசைக்கு ஏற்றது. இக்காலத்துச் சிறு சின்தசைசர்கள் பல ஸ்டீரியோவாகவே ஒலி தருவன என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

"இத்தனை தொல்லை எதற்கு? இரண்டு கருவிகளின் கம்பிகளையும் ஒன்றாக முறுக்கி ஒலிபெருக்கியில் செருகினால் ஆகாதா?" என்று சிலர் கேட்கலாம். ஆகாது. ஒரு வாய்க்காலின் நீரை இரண்டு வயல்களுக்குப் பிரித்து விடலாம். அதுபோல ஒரு கருவியின் ஒலியை இரண்டு இடங்களுக்கு அனுப்புவதில் பெருந்தீங்கு இல்லை. ஆனால் இரு கருவிகளின் வெளியீடுகளை நேரே பிணைத்தால், ஒன்று தள்ளும் மின்னோட்டம் மற்றொன்றின் வெளியீட்டுக்குள்ளேயே பாயத் தலைப்படும். ஒலி குன்றும், சிதையும். கருவியின் வெளியீட்டுப் பகுதி பழுதுபடவும் கூடும். மிக்சரினுள் ஒவ்வொரு வழியிலும் மின்தடையும் பெருக்கியும் இருந்து, ஒன்றை ஒன்று தாக்காதபடி காத்து, அதன் பிறகே சேர்க்கின்றன. மிக்சரின் உயிர்ப்பணி இதுவே.

அடுத்தது ஒலியளவின் தரம். எல்லாக் கருவிகளும் ஒரே வலிமையுடன் பேசுவதில்லை. மைக்கிலிருந்து வருவது பெரும்பாலும் ஒரு வோல்ட்டின் ஆயிரத்தில் சில பங்கு மட்டுமே. வீட்டு உபயோகக் கருவிகளுக்கு வழங்கும் அளவு சுமார் 0.3 வோல்ட். தொழிற்கூடக் கருவிகளுக்கு வழங்கும் அளவு சுமார் 1.23 வோல்ட், அதாவது முன்னதைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. இவ்வேறுபாட்டைச் சமன் செய்வதற்காகவே சானலின் உச்சியில் கெயின் என்னும் குமிழ் அமைந்துள்ளது. விலை குறைந்த மிக்சர்களில் ஸ்டீரியோ சானல்களுக்குக் கெயின் குமிழ் இராது. சிலவற்றில் அதற்குப் பதிலாக இரு நிலை உடைய ஒரு பொத்தான் இருக்கும். நம் கருவிகளுள் ஒன்று மிக மெல்லியதாகவும் ஒன்று மிக உரத்ததாகவும் இருக்குமானால், அந்தக் குமிழோ பொத்தானோ இல்லாத பெட்டியை வாங்காதிருப்பதே நலம்.

கம்பிகளில் மறைந்திருக்கும் ஒரு கண்ணியையும் இங்கே சொல்ல வேண்டும். கைக்கடக்கமான சிறு கருவிகள் பல, ஹெட்போனுக்கு வழங்கும் 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோத் துளையின் வழியே ஒலி தருகின்றன. அதிலிருந்து வரும் ஸ்டீரியோக் கம்பியின் முனையில் பெரிய முனை ஒன்றை மாட்டி, மிக்சரின் தனிச் சானலில் செருகுவோர் உண்டு. அத்தனிச் சானலின் துளை, முனையிலுள்ள இரு தொடர்புகளுக்கிடையே உள்ள வேறுபாட்டை மட்டுமே எடுத்துக்கொள்ளும் இயல்புடையது. இடத்திலும் வலத்திலும் ஒரே மாதிரி உள்ள ஒலி, ஒன்றை ஒன்று கழித்துக்கொண்டு மறைந்துபோகும். நடுவில் முழங்க வேண்டிய முரசு காணாமற் போய், எதிரொலி மட்டும் எஞ்சி நிற்கும். கருவி கெட்டுவிட்டது என்று பழுது பார்ப்பவரிடம் ஓடத் தேவையில்லை. ஒரு பக்கம் 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ முனையும், மறுபக்கம் கடைக்காரர் பி-38 என்று சொல்லும் கால் அங்குல மோனோ முனைகள் இரண்டும் உள்ள கம்பியை வாங்கி, ஸ்டீரியோ சானலில் இணைத்தால் குறை தீர்ந்துவிடும்.

மின்னிசைக்கு மிக வேண்டிய மற்றோர் உறுப்பு ஆக்ஸ் எனப்படும் துணை வழி. ஒவ்வொரு சானலிலிருந்தும் சிறிதளவு ஒலியைப் பிரித்து, எதிரொலிப் பெட்டி போன்ற வெளிக்கருவிக்கு அனுப்பும் கிளைவாய்க்கால் இது. எதிரொலிப் பெட்டி ஒன்றே ஆயினும், இதன் துணையால் எல்லாக் கருவிகளும் வேண்டிய அளவு அதைப் பகிர்ந்துகொள்ளலாம். சிறு மிக்சர்களில் ஆக்ஸ் ஒன்று இருப்பதே வழக்கம். இரண்டு இருந்தால் நற்பேறு. இங்கே கவனிக்க வேண்டியது, அந்தக் கிளை சானலின் ஒலியளவுக் குமிழுக்கு முன்னே பிரிகிறதா, பின்னே பிரிகிறதா என்பது. பின்னே பிரிந்தால், கருவியின் ஒலியைக் குறைக்கும்போது எதிரொலியும் உடன் குறையும்; எதிரொலிக்கு ஏற்றது இதுவே. முன்னே பிரிந்தால், குமிழை எவ்வாறு திருப்பினாலும் கிளையின் அளவு மாறாது. மேடையில் பாடுவோர் தம் குரலைத் தாமே கேட்பதற்கு அது ஏற்றது. தமிழ்ச் சங்க விழாவுக்கும் இதே பெட்டியை எடுத்துச் செல்ல விரும்புவோர் இரு வகையும் உள்ளதைத் தேட வேண்டும். மேலும், எதிரொலிப் பெட்டியிலிருந்து ஒலி திரும்பி வருவதற்கு மிக்சரில் தனித் துளை உண்டா என்று பார்க்க வேண்டும். இல்லையேல் ஒரு ஸ்டீரியோ சானலை அதற்கு விட்டுக்கொடுக்க நேரும். முதலில் போட்ட எண்ணிக்கையில் அதையும் கூட்டிக்கொள்வது அவசியம்.

ஒலியைப் பதிவு செய்வோர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. யு.எஸ்.பி. துளை உள்ள மிக்சர்களை நேரே கணினியில் இணைக்கலாம் என்பது மெய். ஆனால், பெரும்பாலான சிறு மிக்சர்கள் எல்லாம் கலந்து முடிந்த இரண்டு தடங்களை மட்டுமே கணினிக்கு அனுப்புகின்றன. "தாளம் சற்று உரத்துவிட்டது, அதை மட்டும் குறைப்போம்" என்று மறுநாள் நினைத்தால் இயலாது, பலகாரம் கலந்த பிறகு கடலையைப் பொறுக்குவது போன்றது அது. ஒவ்வொரு சானலையும் தனித்தனித் தடமாக அனுப்பும் மிக்சர்கள் வேறு வகை, விலையும் அதிகம். ஆகவே, யு.எஸ்.பி. உண்டா என்று கேட்பதோடு அமையாமல், எத்தனை தடங்கள் செல்லும் என்றும் கேட்க வேண்டும். கருவிகள் இரண்டே, வாசிப்பது எப்போதும் கணினியின் முன்னே என்றால், மிக்சரே வேண்டாம். இரண்டு அல்லது நான்கு உள்ளீடுகள் உடைய ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று போதும். தேவையில்லாததை வாங்காமல் விடுவதும் நல்ல தேர்வே.

அடுக்குமாடி வீடுகளில் வாழ்வோருக்கு ஹெட்போன் துளை ஓர் அலங்காரமன்று, இன்றியமையாத தேவை. அதற்குத் தனி ஒலியளவுக் குமிழ் இருக்க வேண்டும். அண்டை வீட்டார் உறங்கும் நேரத்தில் ஒலிபெருக்கியை அடக்கிவிட்டு ஹெட்போனில் பயில இது உதவும். எனினும், செவியின் நலனையும் மறத்தலாகாது. வயது வந்தோர் வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் அளவில் கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள வரம்பு. ஒலி கூடக் கூட, கேட்கத்தக்க நேரம் விரைவாகக் குறைந்துகொண்டே வரும். இழந்த செவிப்புலனை எந்தக் கடையிலும் வாங்க இயலாது.

இனி, பலரும் அஞ்சும் இரைச்சலைப் பற்றி. கருவிகளை எல்லாம் இணைத்து முடித்ததும், வண்டு முரல்வது போன்ற ஓசை ஒன்று விடாமல் கேட்பதுண்டு. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சிகள் உடைய மாறுதிசை மின்சாரம். அதுவே இந்த ஓசையின் பிறப்பிடம். கணினி ஒரு சுவரிலும், மிக்சர் மற்றொரு சுவரிலும் மின்சாரம் பெறும்போது, நிலத்தொடர்பு இரண்டு வழிகளில் வட்டமிட்டு இவ்வோசையை உண்டாக்குகிறது. எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் இணைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காவிடில், ஒலிக்கம்பியின் நடுவே வைப்பதற்கென்று தனிப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் கிடைக்கும். ஆனால், மூன்று முனைப் பிளக்கிலுள்ள பெரிய எர்த் முனையை நீக்கிவிட்டால் ஓசை நின்றுவிடும் என்று யாரேனும் யோசனை சொன்னால், அதை ஒருபோதும் ஏற்கக் கூடாது. ஓசை நிற்கலாம், கருவியினுள் மின்கசிவு ஏற்படும் நாளில், மைக்கைப் பிடித்த கையின் வழியே அந்த மின்சாரம் பாயும். எர்த் முனை உயிர்க்காப்பு. இசைக்காக அதைப் பலியிடுவது தகாது.

அடாப்டரும் கவனத்துக்குரியது. சிறு மிக்சர்கள் சிலவற்றின் அடாப்டர் மாறுதிசை மின்சாரம் தருவது. சிலவற்றினது நேர்திசை மின்சாரம் தருவது. முனை ஒன்றுபோல் இருக்கிறதே என்று மாற்றி இணைத்தால் கருவி பாழாகும். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த கருவி 120 வோல்ட்டுக்கு மட்டும் அமைந்ததாக இருந்தால், நம் 230 வோல்ட் இணைப்பில் நேரே செருகுவது ஆபத்து. அடாப்டரின் மேல் எழுதியுள்ளதைப் படித்துப் பார்த்த பின்பே செருக வேண்டும்.

மும்பையில் லாமிங்டன் சாலை, டில்லியில் லாஜ்பத் ராய் மார்க்கெட், பெங்களூரில் எஸ்.பி. சாலை போன்ற கடைவீதிகளில் மின்னணுப் பொருள்களை நேரில் பார்த்து வாங்கலாம். கடைக்குச் செல்வோர் தம் ஹெட்போனையும், சிறு கருவி ஒன்றையும், உரிய கம்பியையும் உடன் கொண்டுசெல்ல வேண்டும். ஒலி ஓடிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு குமிழையும் மெல்லத் திருப்பிப் பார்க்க வேண்டும். கரகரவென்ற ஓசை கேட்டால் உள்ளே தூசியோ தேய்மானமோ உண்டு. பழைய கருவி வாங்குவோருக்கு இச்சோதனை மிக அவசியம். பிறகு கருவியை நிறுத்திவிட்டு, கெயினை ஏற்றி, மிக்சர் தானாக எழுப்பும் சீறல் ஒலி எவ்வளவு என்று கேட்க வேண்டும். துளைகள் மேற்புறத்தில் உள்ளனவா, பின்புறத்தில் உள்ளனவா என்பதையும் நோக்க வேண்டும். பின்புறத் துளைகளில் கம்பி செருகினால் மேசையில் ஒரு சாண் இடம் கூடுதலாக வேண்டும். சிறு அறையில் அந்த ஒரு சாணும் பெரிது.

வாங்கிய பின் அமைக்கும் முறை எளிது. முதலில் மிக்சரையும், இறுதியில் ஒலிபெருக்கியையும் இயக்க வேண்டும்; நிறுத்தும்போது ஒலிபெருக்கியே முதலில் நிற்க வேண்டும். சானலின் ஒலியளவையும் முதன்மை ஒலியளவையும் 0 என்ற குறியில் வைத்து, கருவியை அதன் உரத்த அளவில் வாசித்துக்கொண்டே, மானியின் விளக்கு 0-ஐ எட்டும் வரை கெயினை உயர்த்த வேண்டும். சிவப்பு விளக்கு எரிந்தால் சற்றுக் குறைக்க வேண்டும். ஒவ்வொரு கருவிக்கும் இவ்வாறு செய்து முடித்த பிறகே கலவையைத் தொடங்க வேண்டும். மிக்சரில் 48 வோல்ட் எனக் குறித்த பொத்தான் ஒன்று இருக்கும். அது கண்டென்சர் வகை மைக்குகளுக்கு மட்டும் உரியது. மற்ற நேரங்களில் அதைத் தொடாதிருப்பதே நன்று.

நேயர்கள் கடைக்குப் புறப்படுமுன் ஒரு தாளில் ஐந்து வரிகள் எழுதிக்கொள்வார்களாக. கருவிகளிலிருந்து வரும் கம்பிகள் எத்தனை, அவற்றுள் ஸ்டீரியோ எத்தனை, மைக் எத்தனை, எதிரொலிப் பெட்டி உண்டா, கணினியில் பதிவு செய்ய எத்தனை தடங்கள் வேண்டும். பின்னாளில் சேரப்போகும் கருவிக்கென்று இரண்டு வழிகளை அக்கணக்கில் கூட்டிக்கொள்ளலாம். அதற்கு மேல் வேண்டாம். அந்தத் தாளோடு பொருந்தும் பெட்டி, கடையின் மிகச் சிறிய பெட்டியாக இருப்பினும், நமக்கு உரிய பெட்டி அதுவே.